‘உனக்கு வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்தவர்

பிசியோதெரபி பிரிவுக்கு வருகிற யாரும் பிசியோதெரபிக்கு வந்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டார்கள். ‘கரன்ட் வைக்க வந்திருக்கேன்’ என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் கரன்ட் வைத்து ஓய்வு பெற்றவள் நான். அதனாலேயே, தியான முகாமுக்குப் போய் வந்தவர்கள் ‘நெத்தியில விரல வெச்சாரு, அப்படியே கரன்ட் மாதிரி ஏறிச்சு’ என்று ஆரம்பித்தால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

இப்போதெல்லாம் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. சனி, ஞாயிறில் தீட்சை. வீட்டில் உட்கார்ந்தபடி ஜூமில் தீட்சை. ‘குருவின் சக்தி உங்களுக்குள் பாயும்’ என்று வாட்ஸ்ஆப்பில் வரும் போஸ்டரின் மூலையில் க்யூஆர் கோடு. இதைப் பற்றி நம் ஊரில் பேச்சு எடுத்தால் இரண்டே கட்சிதான். எல்லாம் ஏமாற்று என்பது ஒன்று. கேள்வி கேட்டாலே குருநிந்தை என்பது இன்னொன்று. இரண்டிலும் எனக்கு ஒட்டவில்லை. தீட்சைக்குப் போகலாமா என்று என்னிடம் யோசனை கேட்கிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்கிறேன். அங்கே யாரையாவது ‘உங்களுக்கு இது வேண்டாம், போய்ட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இந்தக் கேள்வி என் தொழிலிலிருந்து வந்தது. ஷார்ட்வேவ் டயதெர்மி என்று ஒரு மெஷின் உண்டு. வலிக்கிற மூட்டின் இரண்டு பக்கமும் பேடு வைத்து ஆன் செய்தால் உள்ளே சூடு இறங்கும். ஆன் செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டியவை ஒரு பட்டியலே இருக்கிறது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா? எலும்பில் பிளேட், ஸ்குரூ ஏதாவது உண்டா? கர்ப்பமா? புற்றுநோய் இருந்ததா? தோலில் சூடு, குளிர் தெரியாத இடம் உண்டா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தாலும் சுவிட்சைத் தொடக் கூடாது. படிக்கும்போது மெஷினை ஓட்டச் சொல்லித்தருவதற்கு முன்பே யாருக்கு ஓட்டக் கூடாது என்பதை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டார்கள். ‘பக்கத்துப் பெட்காரிக்கு மட்டும் வெக்கிறீங்க, எனக்கு ஏன் இல்ல?’ என்று சண்டை பிடிக்காத நோயாளி கிடையாது. சண்டையை வாங்கிக்கொள்வதும் அந்த வேலையில் சேர்த்திதான்.

மனிதருக்குள் எதையோ பாய்ச்சுகிறேன் என்று சொல்கிறவருக்கும் இப்படி ஒரு பட்டியல் இருக்க வேண்டாமா? இருந்தது. என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் கிராமம். அப்பா நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. சைவ மரபில் தீட்சைக்குப் படிகள் உண்டு. சமய தீட்சை முதலாவது. அடுத்து விசேட தீட்சை. அதை வாங்கியவர்தான் வீட்டில் சிவலிங்கம் வைத்து ஆன்மார்த்த பூசை செய்யலாம். அதற்கும் மேலே நிருவாண தீட்சை. சீடன் உச்சியிலிருந்து கால் வரை ஒரு நூலைத் தொங்கவிட்டு, அதில் அவனுடைய கட்டுகளையெல்லாம் ஏற்றி, அறுத்து ஓமத்தில் இடுகிற பெரிய சடங்கு அது. அப்பாவுக்கு முதல் இரண்டும் ஆகியிருந்தன. விடியற்காலையில் பூசைப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தால் மண்டி முதலாளி ஆள் அனுப்பினாலும் எழுந்திருக்க மாட்டார்.

மூன்றாவது தீட்சையை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. எங்கள் ஆசாரியர் ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்பார். ‘பார்க்கலாம்’ என்பார் அவர். ஒரு தடவை அப்பா விடாமல் கேட்கவே, தாழ்வாரத்தில் நாங்கள் எல்லாரும் இருக்கும்போதே பதில் வந்தது. ‘தம்பி மேல போட்ட கேஸ முடிச்சுட்டு வாங்க, பேசலாம்.’ வரப்புத் தகராறு. ஒன்றரை அடி நிலத்துக்காகச் சித்தப்பாவோடு முனிசீப் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வழக்கை அவரும் விடவில்லை. தீட்சையை ஆசாரியரும் தரவில்லை. கேஸ் முடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

அந்த ஆசாரியர் மேல் அம்மாவுக்குக் கடைசிவரை கோபம். எனக்கு வயது ஏற ஏற அவர் மேல் மரியாதைதான் கூடுகிறது. தட்டில் வைத்த தட்சிணையை வாங்கிக்கொண்டு சடங்கை முடித்துக் கொடுத்திருந்தால் அப்பாவும் மகிழ்ந்திருப்பார், ஊரும் மெச்சியிருக்கும்.

அவர் என்ன கணக்கில் மறுத்தார் என்பது சைவ சித்தாந்தம் கொஞ்சம் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. சத்திநிபாதம் என்று அதில் சொல்வார்கள். திருவருள் ஓர் உயிரின்மேல் வந்து பதிவது. அது எப்போது நடக்கும்? இருவினையொப்பும் மலபரிபாகமும் (மலம் பழுத்துக் கழலும் நிலை) வந்தபோது. நல்வினைப் பயன் வந்தால் துள்ளுவதும் தீவினைப் பயன் வந்தால் துவள்வதும் போய், இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற பக்குவம் இருவினையொப்பு. ஒன்றரை அடி வரப்புக்காகத் தம்பியோடு பேச்சு நின்றுபோன ஆளுக்கு அது வந்துவிட்டது என்று எந்த ஆசாரியரும் எழுதிக் கொடுக்க முடியாது. சத்திநிபாதத்தையே மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என்று நான்காகப் பிரித்து வைத்தார்கள். பக்குவன், அபக்குவன் இருவருக்கும் திருமந்திரத்தின் ஆறாம் தந்திரத்தில் தனித்தனிப் பகுதியே இருக்கிறது. அவவேடம் போடுகிறவர்களுக்கும் அங்கே ஒரு பகுதி உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

என் அண்ணனுக்குச் சமய தீட்சை நடந்தபோது நான் எட்டாம் வகுப்பு. வெள்ளைத் துணியால் அவன் கண்ணைக் கட்டி, கை நிறையப் பூவைக் கொடுத்து நடத்திக்கொண்டு போனார்கள். பூவைத் தூவியபின் கட்டை அவிழ்த்தார்கள். ஓமப் புகையில் எல்லாருக்கும் கண் எரிந்துகொண்டிருந்தது. அதன்பிறகு ஆசாரியர் ஒன்று செய்தார். தன் வலது கையை முன்னால் நீட்டி, அதற்குச் சந்தனம் இட்டு, பூ வைத்து, சிவனுடைய கை என்று பாவித்துப் பூசித்தார். பூசை முடிந்தபிறகுதான் அந்தக் கையை அண்ணன் தலையில் வைத்தார். சிவஹஸ்தம் என்பது அதைத்தான். தன் கையைத் தானே கும்பிடுகிறாரே என்று நான் சிரித்துவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

சிரித்தது சிறுபிள்ளைத்தனம்தான், ஆனால் பார்க்க வேண்டிய இடத்தைத்தான் பார்த்திருக்கிறேன். கொடுக்கிற சக்தி தன்னுடையதில்லை என்று ஊரறிய ஒப்புக்கொண்ட பிறகே அந்த மரபில் ஆசாரியன் சீடனைத் தொடுகிறான். காஷ்மீரத்துச் சைவர்கள் நம் சித்தாந்திகளோடு பல இடத்தில் முட்டிக்கொள்கிறவர்கள். அவர்களில் ஒருவர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபிநவகுப்தர். ‘தந்திராலோக’த்தின் 13-ஆம் ஆஹ்நிகம் (அத்தியாயம்) முழுவதும் சக்திபாதத்தைப் (நம் சத்திநிபாதம்தான்) பற்றியே பேசுகிறார். அதை ஒன்பது தரமாகப் பிரிக்கிறார். வினை ஒத்தால்தான், மலம் பழுத்தால்தான் அருள் வரும் என்பதை அவர் ஏற்பதில்லை. அருளுக்கு வெளிக்காரணம் வைத்தால் சிவனுடைய சுதந்திரம் என்னாவது என்பது அவர் கட்சி. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. இரண்டு தரப்பும் கைகோத்து நிற்கும் இடம் மட்டும் எனக்குத் தெரிகிறது. அருள் குருவின் சொந்தச் சரக்கு என்று இருவரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இன்றைய போஸ்டர்களில் இது தலைகீழாகிவிட்டது. இவருடைய சக்தி, இவருடைய பார்வை, இவர் தொட்டால் நடக்கும் என்று எல்லாமே அந்த ஒருவரின் பெயரில் பட்டா போடப்பட்டிருக்கிறது.

சக்தி பாய்வது கெடுதல் செய்யவும் கூடும் என்று மரபே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. தட்சிணேசுவரத்தில் ராமகிருஷ்ணர் தொட்டதும் நரேந்திரனுக்கு (பிற்காலத்து விவேகானந்தர்) சுவரும் அறையும் சுழன்று மறைந்த கதை எல்லாருக்கும் தெரியும். வீட்டில் எனக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள் என்று பையன் அலறிவிட்டான். அதன் மறுபாதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1886 சிவராத்திரி. காசிப்பூர்த் தோட்ட வீட்டில் தொண்டைப் புற்றோடு ராமகிருஷ்ணர் படுத்திருக்கிறார். கீழே இளைஞர்கள் தியானத்தில் இருக்கிறார்கள். நரேந்திரன் தனக்கு வந்திருக்கும் சக்தியைச் சோதித்துப் பார்க்க நினைத்து, பக்கத்திலிருந்த காளியிடம் (பிற்காலத்து அபேதானந்தர்) என்னைத் தொட்டுக்கொண்டு உட்கார் என்கிறார். தொட்டவருக்கு மின்சாரம் ஏறியதுபோல் கை நடுங்கியது. இன்றைக்கு என்றால் அதை வீடியோ எடுத்து முகாம் விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். ராமகிருஷ்ணர் நரேந்திரனைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். சேர்ப்பதற்கு முன்பே செலவழிக்கத் தொடங்கிவிட்டாயா, அந்தப் பையன் தனக்கென்று ஒரு பாவனையோடு வளர்ந்துகொண்டிருந்தான், உன் பாவனையை அவன்மேல் ஏற்றிக் கெடுத்துவிட்டாயே என்று.

இரண்டு பேருடைய தகுதியையும் அவர் அங்கே எடை போடுகிறார். கொடுக்கிறவனுக்குக் கையிருப்பு போதாது. வாங்குகிறவனுக்கு அது பொருந்தாது. கை நடுங்கியதா, கரன்ட் ஏறியதா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

நல்லூர் தேரடியில் இன்னொரு மாதிரி நடந்தது. யாழ்ப்பாணத்துச் செல்லப்பா சுவாமியை ஊர் பைத்தியம் என்றுதான் சொன்னது. கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் பிற்காலத்தில் யோகர் சுவாமி ஆனவர். அவர் அந்தப் பக்கம் வந்தபோது ‘யாரடா நீ?’ என்று செல்லப்பா அதட்டியதுதான் தொடக்கம். வேலையை உதறிவிட்டு அந்த ஆளோடு அலைந்தார் யோகர். செல்லப்பா தன்னைத் தேடி வந்தவர்களை வசைபாடித் துரத்தியதைப் பற்றி யாழ்ப்பாணத்தார் இன்றும் ரசித்துச் சொல்வார்கள். குருவானபின் கொழும்புத்துறைக் குடிலில் யோகரும் அதையேதான் செய்தார். எத்தனையோ பேர் வாசலிலிருந்தே திட்டு வாங்கித் திரும்பினார்கள்.

திருவண்ணாமலையில் திட்டு இல்லை, மௌனம். ரமணரின் பார்வை பட்டு உள்ளம் அடங்கியதாக எழுதி வைத்தவர்கள் பலர். 1931-இல் வந்த பால் பிரண்டன் அவர்களில் ஒருவர். நயன தீட்சை என்று மற்றவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அவரோ யாருக்கும் முறைப்படி தீட்சை கொடுக்கவில்லை. நான் உன் குரு, நீ என் சீடன் என்று பத்திரம் எழுதவில்லை. மந்திரம் கொடுங்கள், தலையில் கை வையுங்கள் என்று வந்தவர்களிடமும் நீ யார் என்று பார் என்பதுதான் பதில். பழைய ஹாலில் அவர் சோபாவில் சாய்ந்திருப்பார், வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். எவ்வளவு வாங்கிக்கொள்கிறோம் என்பது உட்கார்ந்திருக்கிறவர் பாடு.

‘இப்படி ஆளை வடிகட்டி வடிகட்டித்தானே சாதி பார்த்து ஒதுக்கினீர்கள்?’ என்று என் மகளே கேட்டாள். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். பக்குவம் என்ற பெயரில் பிறப்பைப் பார்த்துக் கதவடைத்த பாவம் நம் மடங்களுக்கும் ஆசாரியர்களுக்கும் உண்டு. அதை உடைத்தவர்களும் இதே மரபில்தான் வந்தார்கள். 14-ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்து உமாபதி சிவம், மடத்துக்கு விறகு சுமந்த பெற்றான் சாம்பானுக்கு முத்தி தீட்சை கொடுத்தார். அவன் அந்தக் கணமே சோதியில் கலந்தான் என்பது கதை. கொலை செய்துவிட்டார் என்று மனைவி அரசனிடம் முறையிட, நிரூபித்துக் காட்டுங்கள் என்று அரசன் கேட்க, பக்கத்திலிருந்த முள்ளிச் செடிக்குத் தீட்சை கொடுத்து அதையும் சோதியாக்கிக் காட்டினாராம். அந்த உமாபதியும் முன்பு பல்லக்கில் பவனி போனவர். பட்ட கட்டையில் போகும் பகற்குருடு என்று தெருவில் நின்று கேலி செய்த மறைஞான சம்பந்தரின் பின்னால் பல்லக்கை விட்டு இறங்கி ஓடினார். அதற்காகத் தீட்சிதர்கள் அவரைத் தள்ளி வைத்தார்கள்.

ராமானுசர் இன்னும் ஒரு படி மேலே. திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்கு 18 முறை நடந்தார் என்பார்கள். 17 முறை அங்கிருந்த குரு திருக்கோட்டியூர் நம்பி திருப்பி அனுப்பினார். கடைசியில் யாருக்கும் சொல்லக் கூடாது என்ற ஆணையோடு எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைச் சொல்ல, இவர் கோயில் விமானத்தில் ஏறி ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். உனக்கு நரகம்தான் என்றார் நம்பி. இத்தனை பேர் உய்வார்கள் என்றால் நான் ஒருவன் நரகம் போகிறேன் என்றார் ராமானுசர்.

என் வாதத்துக்கு இவர்கள் இருவரும் எதிர்ச்சாட்சிதான். எல்லாருக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள். ஆனால், கொடுத்ததற்கு விலை யார் கட்டினார்கள் என்று பாருங்கள். உமாபதிக்குத் தன் சமூகம் போனது, அரசன் முன்னால் பதில் சொல்ல வேண்டி வந்தது. ராமானுசர் நரகத்துக்கே தயாராக நின்றார். வாங்கியவர்களிடம் இருவரும் எதையும் கேட்கவில்லை. இன்று எல்லாருக்கும் உண்டு என்று அழைக்கிறவர்கள் கொடுப்பதற்கு முன்பே ரசீது போட்டுவிடுகிறார்கள். பின்னால் ஏதாவது நேர்ந்தால் விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘நிறுவனம் பொறுப்பல்ல’.

சக்திபாதம் இரண்டு நாள் முகாமாக வடிவெடுத்தது 1970-களில், சுவாமி முக்தானந்தர் அதை மேல்நாட்டுக்குக் கொண்டு போனபோது. அவர் தன் குரு நித்தியானந்தரிடம் தீட்சை பெற்றது 1947 ஆகஸ்டு 15. அதற்குப் பிறகு அவர் தனியாகச் சாதனை செய்தது ஒன்பது ஆண்டு. முகாமுக்குப் போகிறவர் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போக வேண்டும். ஒன்பது ஆண்டை இரண்டு நாளில் மடக்கிவைத்தால் எதையோ வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டுப்பட்டது, மறுக்கிற உரிமை.

பலருக்குக் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் வீட்டில் பிறந்த வேதாத்திரி மகரிஷி குண்டலினி யோகத்தை எளிய முறையாக்கித் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தார். எனக்கு அந்தத் தீட்சை எங்கள் ஊரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் நடந்தது. தீட்சை கொடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. பிளாஸ்டிக் நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்த என் புருவ நடுவில் விரல் நுனியை வைத்தார். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு குறுகுறுப்பு வந்தது, விரலை எடுத்த பிறகும் இருந்தது. இதில் எனக்குப் பிடித்தது அந்தக் குறுகுறுப்பு இல்லை. ஏற்றுவதைச் சொல்லித்தந்ததோடு விடாமல், பாரமாக இருந்தால் கீழே இறக்கிக்கொள்ளச் சாந்தி தவத்தையும் சொல்லித்தந்தார்கள். சுவிட்சை ஆன் செய்கிறவருக்கு ஆஃப் செய்யவும் தெரிந்திருந்தது.

வடக்கே இருந்து வந்து சென்னை மணப்பாக்கத்தில் வேர்விட்ட சகஜ மார்க்கமும் அப்படித்தான் பலருக்கானது. பிராணாஹுதி என்று அவர்கள் சொல்லும் உயிராற்றல் செலுத்தலுக்குக் கட்டணம் கிடையாது. அதன் மூலவரான பதேகர் ராமச்சந்திரர், லாலாஜி (1873–1931), கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா. அவருடைய குரு நக்‌ஷபந்தி சூஃபியான ஃபஸ்ல் அகமது கான். 1896-இல் ஒரு முஸ்லிம் குருவிடம் ஓர் இந்து சீடர் உபதேசம் பெற்றார். மதம் மாறு என்று அவர் கேட்கவில்லை, மாற வேண்டும் என்று இவரும் நினைக்கவில்லை. இதயத்திலிருந்து இதயத்துக்குக் கவனத்தைச் செலுத்தும் சூஃபிகளின் தவஜ்ஜுஹ் இப்படித்தான் ஓர் இந்துத் தியான முறைக்குள் வந்து சேர்ந்தது. சக்தி பாய்வது எங்கள் மதத்துக்கே உரியது என்று மீசை முறுக்குகிறவர்கள் இந்தப் பரம்பரையையும் ஒருமுறை பார்த்து வைக்கலாம்.

இனி எனக்குத் தெரிந்த ஒரு பையனின் கதை. அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். பொறியியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். ஓர் உண்டு உறைவிட முகாமுக்குப் போனான். சில நாள் தூக்கம் குறைவு, உணவு குறைவு, வேக வேகமாக மூச்சு, கடைசியில் தீட்சை. வீட்டுக்கு வந்தவன் தூங்கவே இல்லை. ராத்திரியெல்லாம் பேச்சு. தன் லேப்டாப்பைத் தெருவில் போகிறவருக்குத் தூக்கிக் கொடுத்தான். உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு தனக்கு வந்துவிட்டது என்றான். முகாம்காரர்களுக்குப் போன் போட்டால், ‘சக்தி வேலை செய்யுதும்மா, உள்ள இருக்கிற அழுக்கு வெளியேறுது, பயப்படாதீங்க’ என்று பதில். அம்மாக்காரியும் கொஞ்ச நாள் நம்பினாள், பெருமைகூடப் பட்டாள். பிறகு அவன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்ற அன்றைக்கு மனநல மருத்துவரிடம் கொண்டு போனார்கள். பைபோலார். தாய்மாமனுக்கும் அந்த நோய் இருந்திருக்கிறது. மாத்திரை சாப்பிட்டுத் தேறி, இப்போது வேலைக்குப் போகிறான்.

தீட்சைதான் நோயைக் கொடுத்தது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால், அந்த நோய்க்கு வாய்ப்பு உள்ளவரின் தூக்கத்தைத் தொடர்ந்து கெடுத்தால் நோய் கிளம்பும் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று பதிவுப் படிவத்தில் ஒரு வரி இருந்திருந்தால் தாய்மாமன் வெளியே வந்திருப்பார். அந்தப் படிவத்தை நான் வாங்கிப் பார்த்தேன். பெயர், மொபைல் எண், கட்டணம் செலுத்திய விவரம், டி-ஷர்ட் அளவு.

‘அப்போ உள்ளே நிஜமாகவே எதுவும் பாய்கிறதா இல்லையா, சொல்லு’ என்று என்னை மடக்குகிறவர்கள் உண்டு. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரமரக்கும், விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும். இதை வார்டில் பார்த்திருக்கிறேன், முகாம் வீடியோக்களிலும் பார்க்கிறேன். எதிர்பார்ப்பு என்ன செய்யும் என்பதும் தெரியும். பியூஸ் போய் மெஷின் செத்துக் கிடந்த நாளில், பேடை வைத்துக்கொண்டிருந்த பெரியவர் ‘இன்னைக்குத்தாம்மா நல்லா சூடு எறங்குச்சு’ என்று எழுந்து போயிருக்கிறார். 1784-இல் பாரிசில் மெஸ்மர் மரபினர் உடலுக்குள் ஒரு காந்த சக்தியைப் பாய்ச்சுவதாகச் சொன்னபோது, பெஞ்சமின் பிராங்க்ளின் தலைமையில் அரசர் ஒரு குழு அமைத்தார். ஒரு பையனின் கண்ணைக் கட்டித் தோட்டத்து மரங்களிடம் நடத்திப் போனார்கள். சக்தி ஏற்றிய மரம் ஒன்றுதான். அந்த மரத்தை அடைவதற்கு முன்பே, சக்தி ஏற்றாத மரத்தடியில் பையன் மயங்கி விழுந்தான்.

அதனால் சிலிர்ப்பையும் நடுக்கத்தையும் கண்ணீரையும் நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல வேளையாக, சித்தாந்தமும் அவற்றோடு நிற்பதில்லை. தம்பியோடு பேச்சு வார்த்தை எப்படி என்று கேட்கிறது. ரமணர் முன்னால் உட்கார்ந்து வாழ்க்கையே திரும்பிப்போனவர்களை என் மெஷின் கணக்கால் அளக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அங்கே ஏதோ நடந்திருக்கிறது. அதற்கு வயரிங் வரைபடம் கேட்கிற ஆசை எனக்கு இல்லை.

என் கோரிக்கை அதைவிடச் சின்னது. தீட்சை கொடுக்கிற அமைப்புகள் படிவத்தில் டி-ஷர்ட் அளவுக்குப் பக்கத்தில் சில வரிகள் சேர்க்கட்டும். வலிப்பு உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் மனநோய் உண்டா, சமீபத்தில் சாவு, விவாகரத்து, வேலை இழப்பு ஏதாவது நடந்ததா. பதிலைப் பார்த்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்புகிற ஒருவர் அங்கே இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் குருவிடமிருந்து அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள். தனி அறைக்குப் பெண்ணை மட்டும் அழைத்துத் தொட்டுக் கொடுப்பது தீட்சை என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். என் அண்ணனுக்கு ஊரே பார்க்கத்தான் ஆசாரியர் தலையில் கை வைத்தார், எட்டாம் வகுப்புப் பெண் சிரிக்கிற தூரத்தில்.

முகாமிலிருந்து வந்த பிள்ளைக்கு மூன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் முகாமுக்குப் போன் போடாதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நேரம் கெட்ட நேரமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.